கூத்துக் கொப்பியும் திரைப்பதிவும்

கருவி ஒன்றைத் தெரிந்தெடுப்பது சிறிய கருமம் என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். எழுதுவதற்குப் பேனை வாங்கும்போது எவரும் தத்துவம் பேசுவதில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்கின்றோம். கணினித் திரையில் நிகழ்வதை அப்படியே பதிவுசெய்யும் மென்பொருளொன்றை நான் தேடத் தொடங்கியபோதும் என் மனநிலை அவ்வாறே இருந்தது. காசு கொடுத்து வாங்குவதா, காசின்றிக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருளை எடுப்பதா என்ற கேள்வி, சந்தையிற் கத்தரிக்காய் விலை விசாரிப்பது போன்ற ஒன்றாகவே எனக்குத் தோன்றியது. இரண்டு முறை இழந்த பின்னரே அது விலை பற்றிய கேள்வி மாத்திரமன்று என்பதை உணர்ந்தேன். அந்த இழப்பையும் அதனால் நான் கற்றதையும் இங்கு எழுத முனைகின்றேன். கலைப்பீட மாணவருக்கு மென்பொருள் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஏடுகள் கண்முன்னே நொறுங்கிப் போவதைக் கண்டு மனம் பதைத்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் (1832–1901) வழியில் வந்த கல்வி நம்முடையது. எதில் எழுதி வைக்கின்றோம், அது எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற கவலை நமக்குப் புதியதன்று.

எனது இறுதியாண்டு ஆய்வேட்டின் பொருள் முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்து. இப்பொருளை நான் தெரிந்தெடுத்ததற்கு ஆய்வு நோக்கத்தைவிட உறவே முதற் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் அப்பப்பா தமது இளமைக் காலத்தில் அக்கூத்திற் கண்ணகியாக ஆடியவர். பின்னர் மத்தளத்தின் அருகில் நின்று பிற்பாட்டுப் பாடியவர். இப்பொழுது 84 வயது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிற் பெரியப்பாவின் வீட்டில், பனி மூடிய கண்ணாடி யன்னலுக்கு உட்புறமாக இருக்கின்றார். ஊரிலே அவரோடு ஆடியவர்களுள் இன்று பாடக்கூடிய நிலையில் இருப்போர் மிகச் சிலரே. எனவே, நான் தேடிய பாடபேதங்களும், வரவுத் தாளங்களும், அடியெடுத்து வைக்கும் முறையும் வன்னியில் அன்றி, பத்து மணித்தியால நேர வேறுபாட்டுக்கு அப்பால், ஒரு முதியவரின் நினைவிலேயே எஞ்சியிருந்தன.

ஒலியை மட்டும் பதிவுசெய்தாற் போதாதா என்று முதலில் எண்ணினேன். போதாது என்பது முதல் நாளிலேயே தெளிவாயிற்று. அப்பப்பா பாடும்போது வலக்கை தொடையிலே தாளம் போடும். இடக்கை கண்ணகியின் கையாகிவிடும். கதிரையில் இருந்தபடியே கால் இரண்டும் ஆட்டத்தின் கணக்கைச் சொல்லும். பாட்டின் எந்தச் சொல்லில் அடி விழுகின்றது என்பதைப் பார்த்தே அறியலாம். கேட்டு அறிய முடியாது. அங்கேயே ஒருவரைக் கொண்டு ஒளிப்பதிவு செய்வித்திருக்கலாம் என்பார் உளர். பகலில் வீட்டிலுள்ளோர் அனைவரும் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றுவிடுவர். தனித்திருக்கும் அப்பப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் கைத்தொலைபேசியிலுள்ள வாட்ஸ்அப்பின் பச்சைப் படத்தைத் தொடுவது மாத்திரமே. நான் கேட்க, அவர் நினைவுகூர்ந்து பாட, மீண்டும் நான் இடைமறித்துக் கேட்க என்று நடந்த உரையாடலே எனது ஆய்வின் மூலாதாரம். ஆகவே, எனது மடிக்கணினியின் திரையில் தோன்றும் அவரையும் அவரது குரலையும் எனது கேள்விகளையும் ஒருங்கே பதிவுசெய்ய வேண்டியிருந்தது.

விடுதியிற் பலரும் பேசிக்கொண்ட, விலைக்கு விற்கப்படும் மென்பொருள் ஒன்றின் பரீட்சார்த்தப் பதிப்பை இறக்கிக்கொண்டேன். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. அவ்வகையிற் பல உள்ளன. இரண்டு பொத்தான்கள், ஒன்றை அழுத்தினாற் பதிவு தொடங்கும், மற்றதை அழுத்தினால் முடியும். மாலை ஆறரை மணி. கோடை காலமாதலால் அங்கே காலை ஒன்பது மணி. அன்று அப்பப்பா என்றுமில்லாத உற்சாகத்தில் இருந்தார். கண்ணகி சிலம்பைக் கழற்றிக் கொடுக்கும் கட்டத்தை நாற்பது நிமிடங்கள் பாடினார். நடுவிலே குரல் கம்மியது. தண்ணீர் குடித்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தல்லாமல் முதலடியிலிருந்தே மீண்டும் பாடினார். பேசி முடித்துக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பத்து நிமிடங்களே இருந்தன. அந்தப் பத்து நிமிடங்களிலும் அப்பப்பாவின் நெற்றிக்கு மேலே அம்மென்பொருளின் பெயர் பட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. பணம் செலுத்தாதவர்க்குப் பத்து நிமிடமே அனுமதி என்பது, நான் வாசியாமற் சம்மதம் தெரிவித்த நிபந்தனைகளில் எங்கோ எழுதப்பட்டிருந்தது. ஆகவே, பிழை அவர்களுடையதன்று; என்னுடையதே. ஆனாற் போன பாட்டு போனதுதான்.

மறுநாள் அதே கட்டத்தை மீண்டும் பாடும்படி கேட்டேன். பாடினார், ஆனால் வேறாகப் பாடினார். ஓரிடத்தில் இரண்டு அடிகள் இல்லை; வேறோரிடத்தில் நான் முன்னர் கேட்டிராத ஓர் அடி புகுந்திருந்தது. நான் அதைச் சுட்டியபோது அவர் சிரித்தார்.

“பாட்டென்ன பிள்ளை, வாய்ப்பாடே சொன்னதையே திருப்பிச் சொல்ல? அண்டைக்கு வந்தது அண்டைக்கு. இண்டைக்கு வந்தது இது.”

வாய்மொழி இலக்கியத்தின் இயல்பு பற்றி வகுப்பிற் குறிப்பெழுதி மனனஞ்செய்து பரீட்சையில் எழுதிய எனக்கு, அந்த இயல்பின் பொருள் அன்றுதான் நெஞ்சில் உறைத்தது. ஒவ்வொரு பாடுதலும் தனித்த ஒரு பிரதி. அதற்கு மறுபிரதி இல்லை.

அதன்பின் நான் செய்ததை எழுதச் சற்றே கூச்சமாக இருக்கின்றது. எனினும், இதனை மறைத்தால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். மற்றொரு விடுதியிலிருந்த ஒருவரிடம், பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருட்கள் நிறைந்த வன்தட்டு ஒன்று இருந்தது. மாணவர் உலகில் இது புதுமையன்று. காசு கொடுத்து வாங்குவதா, திறந்தமூலத்தை எடுப்பதா என்ற விவாதம் நம்மிடையே எழாமைக்குக் காரணமே, இவ்விரண்டுமல்லாத மூன்றாவது வழியொன்று எல்லோர் கையிலும் இருப்பதுதான். நானும் அவ்வழியிற் சென்றேன். விலையுயர்ந்த மென்பொருளொன்றின் திருட்டுப் பிரதி என் கணினியில் ஏறியது. நேர எல்லை இல்லை, பெயர்ப்பட்டை இல்லை. மூன்று வாரங்களில் ஆறு அமர்வுகளைப் பதிவுசெய்தேன். வெட்டவும் ஒட்டவும் எழுத்துச் சேர்க்கவும் அதில் எல்லா வசதிகளும் இருந்தன.

ஒருநாள் அம்மென்பொருள் திறக்க மறுத்தது. கணினி இணையத்தோடு இணைந்திருந்த ஏதோவொரு வேளையில், தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டது போலும். அனுமதி இலக்கம் செல்லாது என்ற அறிவிப்பு மாத்திரமே திரையில் நின்றது. ஆறு அமர்வுகளும் வன்தட்டில் இருந்தன. ஆயின் அவை அம்மென்பொருளுக்கே உரிய கோப்பு வடிவத்தில் இருந்தன. பொதுவான வடிவத்துக்கு மாற்றி எடுக்கும் வேலையை ஆய்வின் இறுதியில் ஒருசேரச் செய்யலாம் என்று நான் ஒத்திவைத்திருந்தேன். என்னிடமிருந்த ஏனைய மென்பொருட்கள் எதுவும் அக்கோப்புகளைத் திறக்கவில்லை. என் அப்பப்பா என் கணினிக்குள்ளேயே இருந்தார். ஆனால் அவரைப் பார்ப்பதற்குப் பிறிதொருவரின் திறப்பு வேண்டியிருந்தது.

இந்நிலையில் என் ஆய்வை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். திருட்டுப் பிரதி பற்றி அவர் கடிந்துகொள்வார் என்று அஞ்சியிருந்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, ஒரு கேள்வி மட்டும் கேட்டார். “இருபது வருசத்துக்குப் பிறகு இன்னொரு மாணவர் இதைத் திறந்து பார்க்க வேணுமென்றால், அவர் யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்?” எனது ஆய்வின் முறையியல் பற்றி அதுவரை எவரும் கேட்ட கேள்விகளுள் இதுவே மிகப் பெரியது. காசு கொடுத்து அம்மென்பொருளை முறையாகவே வாங்கியிருந்தாலும் இக்கேள்வி அப்படியே நின்றிருக்கும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இவ்வாறாகத்தான் ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ என்ற திறந்தமூல மென்பொருளிடம் வந்து சேர்ந்தேன். 2012ஆம் ஆண்டளவில் ஹியூ பெய்லி என்பவரால் தொடங்கப்பட்ட இது, கணினி விளையாட்டுகளை நேரலையாக ஒளிபரப்புவோரிடையே முதலிற் பரவியது. இன்று விரிவுரைகளையும் கூட்டங்களையும் பதிவுசெய்வோரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். விண்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குகின்றது. நேர எல்லையோ பெயர்ப்பட்டையோ இல்லை. இவற்றிலும் முக்கியமானது அதன் அனுமதிப்பத்திரம். அது குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகின்றது. 1983இல் றிச்சர்ட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டத்திலிருந்து பிறந்தது அவ்வுரிமம். அதன் முதற் பதிப்பு 1989இலும் இரண்டாம் பதிப்பு 1991இலும் வெளிவந்தன. மென்பொருளை எந்நோக்கத்துக்காகவும் இயக்கலாம், அதன் மூலநிரலைப் படித்து மாற்றலாம், பிரதிசெய்து பிறர்க்கு வழங்கலாம், மாற்றியதையும் வழங்கலாம். ஆனால் மாற்றி வழங்குபவர், தாம் பெற்ற இதே உரிமைகளைப் பெறுபவருக்கும் கொடுத்தாக வேண்டும். சுருங்கக் கூறின், வாங்கியவன் கதவை உட்புறமாகப் பூட்டிக்கொள்ள முடியாது.

இங்கே ஒரு சொல் மயக்கத்தைத் தெளிவுபடுத்துதல் அவசியம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் எழுந்த குழப்பத்தைத் தவிர்க்கவும், வணிக உலகுக்கு ஏற்புடையதாக்கவும் 1998இல் ‘திறந்தமூலம்’ என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. தமிழிலோ ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்று சொல்லும் வாய்ப்பு நமக்கு இயல்பாகவே உண்டு. நான் முதலில் இறக்கிய பரீட்சார்த்தப் பதிப்பும் இலவசமே. திருட்டுப் பிரதியும் எனக்கு இலவசமே. இரண்டும் கட்டற்றவை அல்ல. விலையின்மையை மட்டும் நோக்கியவர்க்கு மூன்றும் ஒன்றாகத் தோன்றும். அவ்வாறு தோன்றியதே என் முதற் பிழை.

ஓ.பி.எஸ். என்னை மாலையிட்டு வரவேற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் நாள் திரை முழுவதும் கறுப்பாகவே பதிவாயிற்று. எனது பழைய மடிக்கணினியில் இரண்டு வரைகலைச் செயலிகள் இருந்தமையும், திரை ஒன்றிலும் மென்பொருள் மற்றதிலும் இயங்கியமையுமே அதற்குக் காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் சென்றது. இரண்டாம் நாள் அப்பப்பாவின் குரல் இருந்தது. என் குரல் இல்லை. ஒலிவாங்கியைத் தனியாகத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ‘காட்சி’ என்றால் என்ன, ‘மூலம்’ என்றால் என்ன என்று அதன் சொற்களை விளங்கிக்கொள்ள மூன்றாம் நாளும் வேண்டியிருந்தது. காசாகக் கொடுக்காததை நான் பொழுதாகக் கொடுத்தேன். ஆயினும், பதிலுக்கு ஒன்று கிடைத்தது. அப்பப்பாவின் குரலையும் என் குரலையும் வெவ்வேறு தடங்களிற் பதிவுசெய்ய அதில் இடமுண்டு. பாட்டை எழுத்தாக்கும்போது, நான் இடையிட்டுக் கேட்ட கேள்விகளை அடக்கிவிட்டு அவரை மாத்திரம் கேட்க முடிந்தது.

ஹந்தானை மலையிலிருந்து மழை இறங்கிய ஒரு மாலை, அப்பப்பா பாடிக்கொண்டிருக்கும்போதே விடுதியில் மின்சாரம் நின்றது. எனது கணினியின் மின்கலம் இறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. ஆகவே மின்சாரத்தோடு கணினியும் அணைந்தது. இருளிலே அமர்ந்து, மூன்றாவது முறையாகவும் இழந்துவிட்டேன் என்றே எண்ணினேன். ஒரு மணித்தியாலத்தின் பின் வெளிச்சம் வந்தது. கோப்பைத் திறந்தேன். மின்சாரம் நின்ற கணத்துக்குச் சற்று முன்வரை அனைத்தும் இருந்தன. அப்பப்பாவின் கை பாதி உயர்ந்த நிலையிற் பதிவு முடிந்திருந்தது.

இதற்கான காரணத்தைப் பின்னர் தேடி அறிந்தேன். பரவலாகப் பயன்படும் எம்.பி.4 வடிவத்தில், எந்தப் படம் எங்கே இருக்கின்றது என்ற அட்டவணை வழக்கமாகப் பதிவின் இறுதியிலேயே எழுதப்படும். அதற்கு முன் கணினி அணைந்தாற் கோப்பு பெரிதாக இருக்கும். ஆனாற் சாதாரணமாகத் திறக்க முடியாது. பொருளடக்கமும் பக்க எண்களும் இல்லாமற் சிதறிய புத்தகம் போல. எம்.கே.வி. வடிவமோ சிறு சிறு தொகுதிகளாக எழுதிக்கொண்டே செல்வது. அறுந்த இடம்வரை வாசிக்கலாம். மத்ரோஸ்கா எனப்படும் இவ்வடிவம் 2002இல் உருவானது. ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் றஷ்யப் பொம்மைகளின் பெயரைத் தழுவியது. அதன் அமைப்பு முழுவதும் பகிரங்கமாக எழுதி வைக்கப்பட்டிருப்பதால், இன்றுள்ள மென்பொருட்கள் யாவும் மறைந்தாலும் அதனைத் திறக்கும் மென்பொருளொன்றை எவரும் புதிதாக எழுதலாம். பின்னர் வேண்டுமானால் ஓ.பி.எஸ்.ஸின் உள்ளேயே தரம் குன்றாமல் எம்.பி.4ஆக மாற்றிக்கொள்ளவும் முடியும். 2024இல் வெளிவந்த 30.2ஆம் பதிப்பிலிருந்து, இடையில் அறுந்தாலும் பிழைக்கும் ஒரு கலப்பு எம்.பி.4 வடிவமும் அதிற் சேர்ந்துள்ளது. விரிவுரையாளரின் கேள்விக்கு அன்றிரவு விடை கிடைத்தது: இருபது ஆண்டுகளின் பின் வருபவர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இவற்றைக் கொண்டு, விலை கொடுத்து வாங்கும் மென்பொருளைப் பழிப்பது நேர்மையாகாது. என் அறைத்தோழி க.பொ.த. உயர்தர மாணவர்க்குப் புவியியல் கற்பித்து, அவ்வருமானத்திலேயே தன் செலவைப் பார்க்கின்றாள். வாரத்துக்கு மூன்று பாடங்களைப் பதிவுசெய்து, வெட்டி, படங்களைப் பெருப்பித்துக் காட்டி, எழுத்துச் சேர்த்து மறுநாட் காலைக்குள் அனுப்ப வேண்டும். ஓ.பி.எஸ். பதிவு மாத்திரமே செய்யும். வெட்டி ஒட்டுவதற்கு ஷொட்கட், கேடென்லைவ் போன்ற வேறு திறந்தமூல மென்பொருட்களைத் தேடிப் பழக வேண்டும். அவளுக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே, பதிவும் தொகுப்பும் ஒன்றாக அமைந்த மென்பொருளை முறைப்படி வாங்கினாள். பழுது நேர்ந்தாற் கடிதம் எழுதிக் கேட்பதற்கு ஒரு முகவரி உண்டு. அவளுடைய தெரிவு சரியானதே. மென்பொருள் எழுதுவதும் உழைப்பு. உழைப்புக்கு விலையுண்டு என்பதை, உழைப்பைப் பற்றி இத்தனை கருத்தரங்குகள் நடத்தும் நாம் மறுக்கலாகாது.

அந்த விலை நம்மிற் பலர்க்கு எட்டாதது என்பதும் உண்மையே. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டின் மே மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. டொலரில் விலை குறிக்கப்பட்ட பொருளின் விலை, அதனை ஆக்கியவர் ஒரு சதமும் கூட்டாமலேயே நமக்கு முக்காற் பங்கு உயர்ந்துவிட்டது. இத்தகைய மென்பொருளுக்கு ஒரு மாத மகாபொல உதவிப்பணம் போதாது. கடனட்டை வைத்திருக்கும் மாணவரும் அரிது. ஆனால் எட்டாமை, களவை நியாயப்படுத்துமா? எட்டாத பழத்துக்கு வேலி பாய்வதைவிட, பொதுக்காணியில் நிற்கும் மரத்தை அறிந்துகொள்வது மேலல்லவா? திருட்டுப் பிரதியால் நான் ஒருவருடைய உழைப்பை விலையின்றி எடுத்தேன். கூடவே அவரது பூட்டையும் என் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். இரு வகையிலும் அது நட்டமே.

கட்டற்ற மென்பொருளும் ஆகாயத்திலிருந்து விழுவதன்று. ஓ.பி.எஸ். திட்டத்துக்குத் தனிமனிதர் தரும் நன்கொடையோடு யூரியூப், ட்விச் போன்ற பெரு நிறுவனங்களின் அனுசரணையும் உண்டு. ஒளிபரப்புப் பெருகினால் அவற்றுக்கும் இலாபம். ஆகையால், இதனைத் தூய தருமம் என்று போற்றுவது பேதைமை. எனினும், பெருநிறுவனம் நாளை கைவிட்டாலும் மூலநிரல் வெளியே இருக்கும். வேறொருவர் அதை எடுத்து நடத்தலாம். வேறுபாடு இங்கேதான் உள்ளது.

இத்தகைய உழைப்பைப் பிற நாட்டவரே செய்வர், நாம் பெறுபவர் மாத்திரமே என்று எண்ணுவதும் தவறு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவுசெய்வதற்கு இந்நாட்டு மென்பொருளாளர்கள் ஒன்றுகூடி ‘சஹனா’ என்ற திறந்தமூல மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிப்பது. 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது. முல்லைத்தீவும் அழிந்த கரைகளுள் ஒன்று. அத்துயரில் எழுதப்பட்ட நிரல் எங்கோ ஒரு நாட்டவர்க்கு உதவியது, அது பூட்டப்படாமல் இருந்தமையால் அன்றோ?

இந்த எண்ணங்களோடு இருந்த நாட்களில் ஒருமுறை அப்பப்பாவிடம் கூத்துக் கொப்பி பற்றிக் கேட்டேன். அவருக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் தமது கொப்பியை எவருக்கும் காட்டாதவராம். வாயாற் சொல்லிக் கொடுப்பார். கொப்பி பெட்டிக்குள் இருக்கும். அவர் மறைந்தபின் பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேற் கறையான் தின்றிருந்தது. அப்பப்பா தாம் நினைவிலிருந்து எழுதிய கொப்பியை அயலூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டபோது, பார்த்து எழுதிக்கொள்ளக் கொடுத்தார். ஊரில் அதற்காக அவரைக் குறை கூறியவரும் உண்டாம். 2009இல் இடம்பெயர்ந்தபோது அப்பப்பாவின் கொப்பி வீட்டோடு போயிற்று. பார்த்து எழுதியவரோ முன்னரே வவுனியாவில் குடியேறியிருந்தார். இன்று என் மேசையில் இருக்கும் நிழற்பிரதி அவருடைய கொப்பியிலிருந்து எடுத்தது.

“ஆரோ கொண்டு போகட்டுமெண்டு குடுத்ததுதான் பிள்ளை மிஞ்சினது” என்றார் அப்பப்பா. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “எண்டாலும் அண்ணாவியாரைப் பிழை சொல்லேலாது. அவருக்கு அதுதானே சோறு” என்றும் சேர்த்துச் சொன்னார்.

விலைக்கு விற்கப்படும் மென்பொருளுக்கும் திறந்தமூல மென்பொருளுக்கும் இடையிலான வழக்கில், இவ்விரண்டு வாக்கியங்களைவிட நடுநிலையான தீர்ப்பை நான் எங்கும் காணவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் பூட்டுபவர் குற்றவாளியல்லர். ஆயின், பல தலைமுறைக்கு வேண்டியதை அந்தப் பூட்டை நம்பி வைப்பதும் விவேகமன்று. என்னைப்போல் ஆய்வுக்காகப் பதிவுசெய்ய முனையும் மாணவர்க்கு என் அனுபவத்திலிருந்து நான் சொல்லக்கூடியது இவ்வளவே: விலையைக் கேட்குமுன், இப்பதிவு எத்தனை காலம் வாழ வேண்டும் என்று கேளுங்கள். நாளைக்கே பயன்பட்டு முடிவதாயின், எளிதானதை, முடிந்தால் வாங்கிப் பயன்படுத்துங்கள். நெடுங்காலம் வாழ வேண்டியதாயின், எவரும் திறக்கக்கூடிய வடிவத்தில் அன்றன்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த மென்பொருளாயினும் ஐந்து நிமிடம் பதிவுசெய்து, திறந்து பார்த்த பின்னரே பெரியவர்களைப் பாடச் சொல்லுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை நான் செலவிட்டிருந்தால், சிலம்பு கழற்றும் கட்டத்தின் முதற் பாடம் இன்று என்னிடம் இருந்திருக்கும்.

பூட்டப்பட்ட ஆறு அமர்வுகளுக்கும் பின்னர் வழி பிறந்தது. முறைப்படி வாங்கிய என் அறைத்தோழியின் மென்பொருளும் அதே நிறுவனத்தினுடையது. அவளுடைய கணினியில் அவை திறந்தன. பொது வடிவத்துக்கு மாற்றிக்கொண்டேன். காசு கொடுத்தவளின் திறப்பாலேயே காசு கொடுக்காதவளின் பூட்டு திறந்தது என்ற உண்மையையும் நன்றியோடு பதிவுசெய்கின்றேன். என் கணினியிலிருந்த திருட்டுப் பிரதியை அன்றே அகற்றினேன்.

கறுப்புத் திரையும் கேட்காத குரலும் எனக்கு மூன்று மாலைகளைத் தின்றன. அடுத்து வருபவருக்கு அவை மிஞ்சட்டும் என்று, ஓ.பி.எஸ்.ஸைத் திரைப்பதிவுக்குப் பயன்படுத்தும் முறையைத் தமிழில் நான்கு பக்கங்களில் எழுதிக் கனிஷ்ட மாணவரிடம் கொடுத்திருக்கின்றேன். பார்த்து எழுதிக்கொள்ளலாம், திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம். நிரல் எழுதத் தெரியாத கலைப்பீட மாணவர் ஒருவர் இவ்வுழைப்பிற் சேர்க்கக்கூடிய பங்கு அதுவெனக் கருதுகின்றேன்.

கடைசி அமர்வின் முடிவில், இப்பதிவுகளை யாரெல்லாம் பார்க்கலாம் என்று அப்பப்பாவிடம் முறைப்படி கேட்டேன். ஆய்வொழுக்கப் படிவத்தில் அவ்வாறொரு கேள்வி இருந்தது. அவருக்கு அக்கேள்வி சிரிப்பை மூட்டியது.

“கேக்கிற ஆக்களுக்குக் குடு மோனை. ஆடத் தெரிஞ்சவன் ஆரும் பாத்தால், அந்த இடத்தில கால் பிழைச்சுப்போச்செண்டு எனக்குச் சொல்லச் சொல்லு.”

படிவத்தில் அதற்கென விட்டிருந்த இடம் ஒரு வரியே. அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.